பழைய படகும் புதிய பலகையும்

மனிதன் தன் கைப்பொருள்களோடு மூவகையில் உறவு கொள்கிறான். புதியனவற்றைப் படைக்கிறான், படைத்தவற்றைப் பயன்படுத்துகிறான், பயன்பட்டுத் தேய்ந்தவற்றைச் செப்பனிடுகிறான். படைப்போனின் பெருமையை உலகம் நிரம்பப் பேசியிருக்கிறது. பயன்படுத்துவோனின் விருப்பு வெறுப்புகளை வணிகர்கள் நாள்தோறும் ஆராய்கின்றனர். செப்பனிடுவோனைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. ஆயினும் நுட்பமான அறவினாக்கள் சில அவன் கையில்தான் முதன்முதலாக வந்து விழுகின்றன. எதை நீக்குவது? எதை வைத்துக்கொள்வது? நீக்கியும் சேர்த்தும் முடித்தபின் எஞ்சி நிற்பது பழைய பொருள்தானா? எவர் கண்ணுக்கும் புலப்படாத இடத்தில் எவ்வளவு உண்மையோடு உழைப்பது?

இவ்வினாக்களை வெறுஞ்சொல்லாக வைத்து ஆராய்ந்தால் அவை காற்றில் கரைந்துவிடும். கையால் தொட்டு அறியத்தக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அமெரிக்க நாட்டில் வீட்டுக் கொல்லையிலும் வண்டிக் கொட்டகையிலும் நடைபெறும் ஒரு வேலையை அதற்காக எடுத்துக்கொள்வோம். ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் செய்யப்பட்ட சிறிய கண்ணாடியிழைப் படகைக் குறைந்த விலைக்கு வாங்கியோ, தந்தையிடமிருந்து பெற்றோ, ஓய்வு நாள்களில் தம் கையாலேயே புதுப்பிக்கும் வேலை அது. கூலிக்காகச் செய்வதன்று, பெரும்பாலும் விருப்பத்தால் செய்வது. ஆனால் அவ்விருப்பத்துக்குள்ளே ஒரு கடமையும் ஒளிந்திருக்கிறது என்பதை மேலே காண்போம்.

கண்ணாடியிழையின் வரவு

‘ரன்அபௌட்’ என்று அமெரிக்கர் வழங்கும் படகு சிறியது. பெரும்பாலும் 14 முதல் 18 அடி நீளம் இருக்கும். நாலைந்து பேர் அமரலாம். பின்புறத்தில் ஓர் இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கும். ஏரியிலும் ஆற்றிலும் உலாவவும் மீன் பிடிக்கவும் இது பயன்படுகிறது. தொடக்கத்தில் இவ்வகைப் படகுகள் மரத்தால் ஆனவை. மரப்படகு அழகியது, ஆயினும் ஆண்டுதோறும் இடுக்கு அடைத்து வண்ணம் பூசிக் காக்காவிட்டால் கைவிட்டுவிடும் இயல்பினது.

1938ஆம் ஆண்டில் ஓவன்ஸ்-கார்னிங் என்னும் அமெரிக்க நிறுவனம் கண்ணாடியிழை செய்வதற்கென்றே தோன்றியது. ஒகையோ மாநிலத்து டொலிடோ நகரில் வாழ்ந்த ரே கிரீன் என்பவர் 1942இல் அவ்விழையைப் பிசினோடு சேர்த்து ஒரு சிறு பாய்மரப் படகு செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இம்முறை விரைந்து பரவிற்று. 1950களிலும் 1960களிலும் ஓர் அச்சிலிருந்து பல படகுகளை வார்த்தெடுக்கும் தொழிற்சாலைகள் பல இயங்கின. இடைத்தரக் குடும்பங்களும் படகு வாங்கத் தொடங்கின.

செய்முறை எளிது. மெருகேற்றிய அச்சின் உட்புறத்தில் முதலில் ‘ஜெல்கோட்’ என்னும் வண்ணப் பூச்சினைத் தெளிப்பார்கள். அதன்மேல் கண்ணாடியிழைப் பாய்களைப் பரப்பி, பாலியெஸ்டர் பிசினால் நனைப்பார்கள். பிசினோடு சிறிதளவு கலந்த வேதிப்பொருள் அதனை இறுகச் செய்யும். இறுகியபின் அச்சிலிருந்து பெயர்த்தால் படகின் புறவுடல் கிடைத்துவிடும். ஒருமுறை இறுகிய அப்பிசின் மீண்டும் உருகாது, நீரில் கரையாது, செல் அரிக்காது. தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவுக்குப் பிடித்துக்கொண்ட கண்ணாடியிழைப் படகுகளை ஊருக்குப் போகும்போது நம்மில் பலர் கண்டிருப்போம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அம்மாற்றம் மேலும் விரைந்தது. பொருள் அதுவே, வடிவமும் பயனும் வேறு.

தோல் நிலைக்கும், எலும்பு இறும்

அழியாத பொருளால் ஆன படகைச் செப்பனிட வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். விடை வியப்பானது. அழியாதது தோல், அழிவது எலும்பு.

கண்ணாடியிழை வலியது என்றாலும் மெல்லியதாக இருந்தால் வளைந்து கொடுக்கும். எனவே படகின் அடியில் நீளவாக்கில் மரச் சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் கண்ணாடியிழையைப் போர்த்தினார்கள். இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகைக்குள்ளும் ஒட்டுப்பலகையை வைத்தே மூடினார்கள். அதன் கனம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். படகு மூழ்காதிருக்கத் தளத்தின் அடியில் நுரைப்பொருளை அடைத்தார்கள். வெளியிலிருந்து காண்போர்க்கு யாவும் ஒரே வழுவழுப்பான பரப்பு. உள்ளே மரம் இருப்பதே தெரியாது.

பின்னர் யாரோ ஒருவர் ஏணி பொருத்துவதற்காகப் பின்பலகையில் இரண்டு திருகாணிகளை முடுக்குகிறார். துளையின் வாயை அடைக்க மறந்துவிடுகிறார். நீர் வடிவதற்கென இட்ட துளையின் உட்சுவரில் மரம் மூடப்படாமலே இருக்கிறது. அவ்வழியே நீர் உட்புகுகிறது. புகுந்த நீர் வெளிவர வழியில்லை, கண்ணாடியிழைப் போர்வை தடுக்கிறது. மரத்தைக் காக்க இட்ட போர்வையே மரத்தை அழுக வைக்கும் பேழையாகிவிடுகிறது. நுரைப்பொருளும் ஆண்டுக்கணக்கில் நீரைக் குடித்துக் கனக்கிறது. ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோவுக்கு மேல் என்பதை நினைத்தால், அப்படகு எவ்வளவு பாரத்தை மறைவாகச் சுமக்கிறது என்பது விளங்கும்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு உப்புநீர் ஏற்பதில்லை, நன்னீரே ஏற்றது. ஆகவே இத்தகைய படகுகளைப் பெரிதும் அழித்தது கடலோ ஏரியோ அன்று. கொல்லையில் மூடாமல் விட்டபோது உள்ளே தேங்கிய மழைநீர். ஓடிய படகைவிட ஓடாமல் கிடந்த படகே விரைந்து கெட்டது. உழைப்பால் வரும் தேய்வு வேறு. கவனிப்பாரின்மையால் வரும் அழிவு வேறு.

படகை வாங்கியவர் சிறு சுத்தியலால் பின்பலகையைத் தட்டிப் பார்க்கிறார். நல்ல மரம் இருக்கும் இடத்தில் ஓசை கூர்மையாக எழும்; அழுகிய இடத்தில் மந்தமாக ஒலிக்கும். ஐயம் தீர உட்புறமிருந்து சிறு துளை இடுகிறார். உலர்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் நன்று. கருத்த ஈரத் துகள் வந்தால் எலும்பு போயிற்று என்று பொருள். அந்நொடியில்தான் அறவினா தொடங்குகிறது.

ஒரு பழைய வழக்கு

எலும்பையெல்லாம் மாற்றிய பின் அது அதே படகா? இது புதிய வினா அன்று. கிரேக்க நாட்டு ஆதென்சு மக்கள் தம் வீரன் தீசியசு பயணம் செய்த முப்பது துடுப்புக் கப்பலைப் பல தலைமுறை காத்தனர் என்றும், பழுதான பலகைகளை நீக்கிப் புதியன பொருத்தி வந்தனர் என்றும், அது அதே கப்பலா அன்றா என மெய்யியலார் இரு அணியாகப் பிரிந்து வழக்கிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 1655இல் ஆங்கில அறிஞர் தாமசு ஆப்சு ஒரு சிக்கலை அதனோடு சேர்த்தார். நீக்கிய பழைய பலகைகளை ஒருவன் திரட்டி, அதே ஒழுங்கில் பொருத்திக் கப்பலாக்கினால், இரண்டில் எது தீசியசின் கப்பல் என்று கேட்டார்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி பழமையானது. கிரேக்க வழியில் வந்த மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அவன் ஏறிவந்த தேரைக் காட்டி வினவியதை ‘மிலிந்த பண்கா’ கூறுகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது இவற்றின் கூட்டத்துக்கு இட்ட வழக்குப் பெயரே என்று மன்னன் வாயாலேயே சொல்ல வைத்தார். நையாயிகர் இதனை ஏற்கவில்லை. நூல்களின் கூட்டம் மட்டும் ஆடை ஆகாது. ஆடை என்னும் முழுமை நூல்களில் தங்கும் வேறொரு பொருள் என்றனர். ஆனால் அவர்களும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. ஒரு நூலை உருவினாலும் பழைய ஆடை அழிந்து புதிய ஆடை தோன்றிற்று என அவர்கள் கொள்ள வேண்டியதாயிற்று. அக்கணக்கில் ஒரு பலகையை மாற்றியபோதே படகு புதியதாகிவிடும்.

இக்கொள்கைகளைக் கண்ணாடியிழைப் படகின் அருகே கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் இரண்டு வேறுபாடுகள் புலப்படும். முதலாவது, ஆப்சின் சிக்கல் இங்கே எழுவதில்லை. உள்ளிருந்து வெளிவரும் பழைய மரம் பலகையாக வருவதில்லை. நனைந்த நாராகவும் கரிய சேறாகவும் வாளியில் வருகிறது. அதைக் கொண்டு எவரும் இரண்டாவது படகு கட்ட இயலாது.

இரண்டாவது வேறுபாடு ஆழமானது. ஆதென்சுக் கப்பலில் கண்ணுக்குத் தெரியும் பலகைகள் மாறின. இங்கோ கண்ணுக்குத் தெரியும் யாவும் அப்படியே இருக்க, தெரியாதவை மாறுகின்றன. பொருள் மாறாதிருப்பதே ‘அதே’ என்பதற்கு அடையாளம் என்றால், ஒன்றையும் தொடாமல் அழுக விட்ட படகே மிகவும் உண்மையான பழைய படகு ஆகும். ஆனால் அதில் ஏறி ஏரிக்குள் செல்வது அறிவுடைமை ஆகுமா? விசையைக் கூட்டியதும் இயந்திரத்தின் உந்துதலைத் தாங்காது பின்பலகை வளையும். பிளந்தால் அவ்வழியே நீர் புகும். சுமையைத் தாங்க இயலாத படகு படகின் வடிவம், படகு அன்று. தொடாமல் வைப்பதே காப்பது ஆகாது என்பது இதனால் தெளிவாகும்.

சட்டம் தரும் விடை

அமெரிக்க அரசின் சட்டம் இவ்வழக்குக்குத் தன்னளவில் ஒரு விடை கண்டிருக்கிறது. 1972 நவம்பர் முதல் நாள் தொடங்கிச் செய்யப்படும் ஒவ்வொரு படகுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி இருத்தல் வேண்டும். பின்பலகையின் வெளிப்புறத்தில், வலப்பக்க மேல்மூலையில் அதைப் பதிக்க வேண்டும். 1984 ஆகஸ்டு முதல் செய்யப்படுவனவற்றில் எவரும் எளிதில் காணாத இடத்தில் அதே குறியை இரண்டாம் முறையும் பதிக்க வேண்டும். கடலோரக் காவற்படையின் இசைவின்றி அக்குறியை மாற்றவோ அழிக்கவோ கூடாது.

அக்குறி பதிந்திருப்பது பெரிதும் அழுகிப்போகும் அந்தப் பின்பலகையின் தோலின்மேல்தான். உள்ளிருந்த மரம் முழுவதையும் மாற்றினாலும் தோல் எஞ்சியிருக்கும் வரை குறி மாறாது. சட்டத்தின் கண்ணில் அது அதே படகு. உடைமையை நிறுவவும் திருட்டைக் கண்டுபிடிக்கவும் இந்த விடை போதும். ஆனால் அதில் ஏறும் குழந்தைக்கு அது போதுமா? எண் படகு யாருடையது என்று சொல்லும். அதன் எலும்பு எத்தகையது என்று சொல்லாது. சட்டம் பெயரைக் காக்கிறது. பெயருக்குள் இருப்பதைக் காக்கும் பொறுப்பு செப்பனிடுவோனைச் சேர்கிறது.

செப்பனிடுவோன் கடமை

இனி, அனுபவமுள்ள ஒருவர் இவ்வேலையை எப்படிச் செய்கிறார் என்று பார்ப்போம். அவர் செய்கையில் மூன்று ஒழுங்குகள் உள்ளன.

முதலாவது, எதையும் வெட்டும் முன் படகின் வடிவுக்கு ஏற்ற தாங்கி ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலை அசையாமல் இருத்துகிறார். உள்ளிருக்கும் சட்டங்களை நீக்கிவிட்டால் தோல் தன் எடையாலேயே தொய்யும். தொய்ந்த நிலையில் புதிய சட்டங்களை ஒட்டினால் அக்கோணல் நிலைத்துவிடும். பிறகு அப்படகு நீரில் நேராக எழுந்து ஓடாது. எலும்பை மாற்றும் காலத்தில் வடிவைக் காப்பது தோலின் வேலையன்று, எலும்பின் வேலையும் அன்று. வெளியிலிருந்து தாங்கும் ஒன்றின் வேலை. இதை உணராது விரைந்தவர்கள் நல்ல மரமும் நல்ல பிசினும் இட்டும் கோணற்படகையே பெற்றனர்.

இரண்டாவது, அழுகியதையும் அவர் உடனே எறிந்துவிடுவதில்லை. பயன்படாத பழைய சட்டத்தின் துண்டுகளைத் தரையில் பொருத்தி வைத்து, அதன் உயரத்தையும் வளைவையும் அட்டையில் வரைந்து கொள்கிறார். புதிய சட்டம் அந்த அளவில் அறுக்கப்படுகிறது. தாங்கும் வலிமையை இழந்த மரம் அளவு சொல்லும் தகுதியை இழக்கவில்லை.

மூன்றாவது, பழையதும் புதியதும் சேரும் இடத்தில் அவர் மிகுந்த பொறுமை காட்டுகிறார். நெடுநாள் இறுகிய பழைய பிசினோடு புதிய பிசின் தானாக ஒன்றாகாது. பற்றிக்கொள்ள மட்டுமே செய்யும். வழுவழுப்பான பரப்பில் அப்பற்று நிற்காது. ஆதலால் பழைய பரப்பின் மெருகையும் வண்ணத்தையும் தேய்த்து நீக்கி, தூய இழை தெரியும்வரை சொரசொரப்பாக்க வேண்டும். பிளவு ஒன்றை இணைக்கும்போது கனம் எவ்வளவோ அதன் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கொள்ளும் அளவு. கண்ணாடித் தூள் தோலை அரிக்கும். மூச்சில் புகுந்தால் தீங்கு செய்யும். முகமூடி அணிந்து, முழங்காலிட்டுக் குனிந்து செய்ய வேண்டிய வேலை. இந்த வேலையில் ஒரு துளிகூடப் படகு முடிந்தபின் வெளியே தெரியாது. மேலே தளம் மூடிவிடும்; தளத்தின்மேல் இருக்கை வந்துவிடும்.

இம்மூன்றையும் சேர்த்து எண்ணும்போது பழைய வழக்குக்கு ஒரு விடை கிடைக்கிறது. ‘அதே படகா?’ என்னும் வினாவுக்கு மரத்தைச் சோதித்து விடை காண இயலாது. மாற்றியவனின் நடத்தையைச் சோதித்தே காண வேண்டும். மாறும் காலத்தில் வடிவைத் தாங்கினானா? கெட்டதிடமிருந்தும் அளவைக் கற்றானா? சேரும் இடத்தில் உண்மையாக உழைத்தானா? இவற்றுக்கு ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் அது அதே படகு. ‘அதே’ என்பது கண்டுபிடிக்கும் பொருளன்று, காக்கும் வாக்கு. மெய்யியலார் இதனை இருப்பு பற்றிய வினாவாகவே எடுத்துக்கொண்டனர். கொட்டகையில் முழங்காலிட்டிருப்பவனுக்கோ அது ஒழுக்கம் பற்றிய வினா.

ஒரு மறுப்பு

இங்கே ஒரு மறுப்பு எழும். இவ்வளவு உழைப்புக்கும் அப்படகு தகுதியானதா? ஒட்டுப்பலகை, பிசின், இழைப்பாய் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, மாதக்கணக்கான உழைப்பையும் சேர்த்தால், முடிந்த படகின் சந்தை விலையை அது தாண்டிவிடுவதே பெரும்பான்மை. பழமைப் பற்று ஓர் உணர்ச்சி. அதற்காகக் காலத்தையும் பொருளையும் செலவிடுவது அறமாகுமா என்று கேட்கலாம்.

இம்மறுப்பைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும் எறிவதற்கும் ஒரு விலை உண்டு. உருகாத பிசினால் ஆன படகை உருக்கி வேறொன்று செய்ய முடியாது. அறுத்துத் துண்டாக்கி நிலத்தில் புதைப்பதே நெடுங்கால வழக்கம். பிரான்சு நாடு 2019 முதல் கைவிடப்பட்ட படகுகளைத் திரட்டி அழிக்கும் பொறுப்பைப் படகு செய்வோர் மேலும் சுமத்தியிருக்கிறது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2018இல் அவற்றைப் பொடித்துச் சிமெந்துச் சூளைக்கு அனுப்பும் முயற்சி தொடங்கியது. அழியாத பொருளைப் படைத்த தலைமுறை, அதன் முடிவைப் பற்றி எண்ணாமல் போயிற்று. அதன் சுமையைப் பிற்றைத் தலைமுறைகள் ஏற்கின்றன. தோல் இன்னும் நூறு பருவங்களைத் தாங்கும் நிலையில் இருக்க, எலும்பு போயிற்று என்பதற்காக முழுவதையும் மண்ணில் புதைப்பது சிக்கனமும் அன்று, நேர்மையும் அன்று.

அதே வேளையில் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பதும் அறிவின்மை. தோலே அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால், அடிப்பகுதி உடைந்து சிதைந்துவிட்டால், அப்படகைக் கைவிடுவதே முறை. பற்றின் மிகுதியால் அதற்கு மெருகேற்றி நீரில் விடுபவன் படகைக் காக்கவில்லை. தன் உணர்ச்சிக்குப் பிறர் உயிரைப் பணயம் வைக்கிறான். காப்பதில் உள்ள அதே பொறுப்பு கைவிடுவதிலும் உண்டு.

மறைப்பதும் சொல்வதும்

செப்பனிடுவதன் எதிர்ச்சொல் எறிதல் என்று நாம் நினைக்கிறோம். அஃது அன்று, அதன் எதிர்ச்சொல் பூசி மெழுகுதல். அழுகிய பின்பலகையின்மேல் சாந்து நிரப்பி, புதிய வண்ணம் பூசி, மினுக்கி விற்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவ்வேலைக்கு ஒரு வார இறுதி போதும். உண்மையான வேலைக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் வேண்டும். இரண்டும் முடிந்து அருகருகே நின்றால் காண்பவர்க்கு வேறுபாடு தெரியாது. ஒரு வேளை பூசியதே மிகுதியாகப் பளபளக்கும். காண்பவர்க்குத் தெரியாத இடத்தில் செய்வோனைக் காப்பது எது? அச்சம் அன்று, புகழும் அன்று. பின்னால் வந்து அமரும் முகமறியாத ஒருவன்பால் அவன் கொண்ட பொறுப்பு ஒன்றே.

அப்பொறுப்பின் நிறைவு சொல்வதில் இருக்கிறது. எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று எழுதி வைப்பதும், வாங்குவோனிடம் ஒளிக்காமல் உரைப்பதும் செப்பனிடுதலின் இறுதிப் பகுதி. இவ்வகை நேர்மைக்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக மாற்றியமைத்தார். திருக்கோடிக்காவில் கோயிலைப் புதிதாக எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். வெட்டியதோடு நில்லாமல், இவை பழைய கற்களில் இருந்தவற்றின் படிகள் என்னும் குறிப்பும் அங்கே பொறிக்கப்பட்டது. பழையதை மறக்கவில்லை, புதியதைப் பழையது என்று பொய் சொல்லவும் இல்லை. கொட்டகையில் படகைச் செப்பனிடும் மனிதர் அம்மையாரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பின்பலகையை மாற்றிய ஆண்டைத் தளத்தின் அடியில் அவர் எழுதி வைப்பாராயின், இருவரும் ஒரே அறத்தைச் செய்தவர் ஆவர்.

நம் வீட்டுப் படகு

படகைப் பற்றிய இவ்வாராய்ச்சி இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு எவ்வகையில் பயன்படும்? பிறந்த மண்ணை விட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் கொல்கத்தாவிலும் வேரூன்றிய நம்மிடையே ஒரு வினா அடிக்கடி எழுகிறது. நம் பிள்ளைகள் இன்னும் தமிழர்தாமா? பேரப்பிள்ளைகள் அப்படி இருப்பார்களா? இவ்வினாவைப் பெரும்பாலும் கவலையோடும் சில வேளை சினத்தோடும் கேட்கிறோம்.

படகு நமக்குச் சில செய்திகளைச் சொல்கிறது. தோல் நெடுநாள் நிற்கும். பொங்கல் நாள் வரும், பட்டு உடுத்துவோம், விழா மேடையில் விளக்கு ஏற்றுவோம். அவை வேண்டியவையே; தோல் இல்லாமல் படகு இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் சட்டத்தை அவ்வப்போது தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழில் பேசும் பேச்சு எத்தனை? பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஓசை மந்தமாக ஒலித்தால் வண்ணம் பூசி நிறைவடைவது தகாது.

மரத்தை அழித்தது கடல் அன்று, தேங்கிய மழைநீர் என்று கண்டோம். நம் மொழியைக் கெடுப்பதும் சூழ்ந்திருக்கும் மராத்தியோ இந்தியோ கன்னடமோ வங்கமோ அன்று. அவற்றில் நீந்துவது நம் பிள்ளைகளுக்கு வலிமையே. பயன்படுத்தாமல் கொல்லையில் விட்டுவைக்கும் நம் அயர்வே கேடு. மேலும், புதியது பழையதோடு ஒட்டுவதற்குப் பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்றும் கண்டோம். ‘இதை ஏன் செய்ய வேண்டும்?’ என்று கேட்கும் பிள்ளை நம் மெருகைக் கெடுப்பதுபோலத் தோன்றலாம். உண்மையில் ஒட்டுவதற்கு இடம் தருவது அக்கேள்வியே. எதையும் கேட்காமல் தலையசைக்கும் பிள்ளையிடம் நாம் இட்டது வழுவழுப்பான பரப்பில் இட்ட பிசின்; ஒரு பருவத்தில் உரிந்துவிடும்.

புதிய சட்டங்கள் பழைய மரத்தால் ஆனவையாக இரா. நம் பிள்ளைகளின் தமிழ் நம் தமிழாக இராது. நம் தமிழும் நம் பாட்டனார் தமிழாக இருந்ததில்லை. அளவு பழையதிலிருந்து எடுக்கப்பட்டதா, இணைப்பு உண்மையானதா என்பவையே கேட்கத்தக்கவை.

இறுதியாக, தாங்கியைப் பற்றி ஒரு சொல். எலும்பு மாறும் காலத்தில் வடிவைக் காப்பது வெளியிலிருந்து தாங்கும் அமைப்பு என்றோம். அயல்நகரங்களில் தமிழ்ச்சங்கங்கள் செய்யும் பணி அதுவே. தாங்கி படகு ஆகாது. தாங்கியின்மேல் படகை நிரந்தரமாக வைத்து மாலை சூட்டி வணங்குவதும் அதன் நோக்கம் அன்று. புதிய சட்டங்கள் இறுகும் வரை வளையாமல் தாங்கி, பின்னர் படகை நீருக்கு அனுப்புவதே அதன் தொண்டு. நீரில் ஓடும் படகைப் பார்ப்பவர்களுக்குத் தாங்கி தெரியாது. உள்ளே மாற்றிய பலகையும் தெரியாது. படகு நேராக ஓடுவது மட்டும் தெரியும்.